இன்ஃப்ளேஷன் மாதிரியிலிருந்து ஆதி கருந்துளை, ஈர்ப்பு அலை வரை: கணக்கை எந்த வரிசையில் போடுவது?

பிரபஞ்சம் பிறந்த கணத்தில் மின்னலாய் விரிந்த கட்டம்தான் இன்ஃப்ளேஷன். அதில் எழுந்த சிறு குலைவுகள் பெரிதாக இருந்தால் பின்னால் தாமே சரிந்து ஆதி கருந்துளைகளாகலாம், ஈர்ப்பு அலையையும் எழுப்பலாம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கோ ஆராய்ச்சியின் முதல் வருடத்திலோ இந்தக் கணக்கைக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், காலாப்பட்டிலிருந்தும் கடலூரிலிருந்தும் வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பலமுறை போட்டுப் பார்த்த கணக்கு இது. இயற்பியல் புரியாமல் தடுக்கியவர்கள் குறைவு. வரிசை தெரியாமல் விழுந்தவர்கள்தான் அதிகம். எல்லோரும் முதல் நாளே கருந்துளைக்குத் தாவுகிறார்கள். கடைசியில் வர வேண்டியது அது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஃப்ரீட்மன் சமன்பாடுகள், விரியும் பிரபஞ்சத்தில் ஸ்கேலார் புலத்தின் இயக்கச் சமன்பாடு, ஃபூரியர் உருமாற்றம். இந்த மூன்றையும் நோட்டைப் பார்க்காமல் எழுத வர வேண்டும். பைத்தானில் நம்பையும் சைப்பையும் போதும். 8 ஜிபி லேப்டாப் தாராளம்.

குறைக்கப்பட்ட பிளாங்க் நிறையை 1 என்று வையுங்கள். அது 2.4 × 10¹⁸ ஜிஇவி. அலகைப் பாதியில் மாற்றிக்கொண்டால் எங்கே தவறியது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிளாங்க் செயற்கைக்கோளும் பைசெப்/கெக் தொலைநோக்கிகளும் தந்த மூன்று எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: அலை எண் ஒரு மெகாபார்செக்குக்கு 0.05 இருக்கும் இடத்தில் வளைவுக் குலைவின் (இடத்தின் வளைவில் உள்ள சிறு ஏற்ற இறக்கத்தின்) நிறமாலை உயரம் 2.1 × 10⁻⁹, அதன் சாய்வு எண் 0.965. கூடவே, டென்சர்–ஸ்கேலார் விகிதம் (இன்ஃப்ளேஷன் நேரடியாகத் தரும் ஈர்ப்பு அலைக்கும் இந்தக் குலைவுக்கும் உள்ள விகிதம்) 0.036-க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு. எந்த மாதிரியை எடுத்தாலும் இந்த இடத்தில் ஒத்துப்போகாவிட்டால் மேலே போவதில் அர்த்தமில்லை.

இணையத்தில் தமிழாக்கம் செய்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்புக் கருவி ‘இன்ஃப்ளேஷன்’ என்பதைப் ‘பணவீக்கம்’ ஆக்கிவிடும். பணவீக்கம் முடிந்ததும் பிரபஞ்சம் சூடானது என்று எழுதிக்கொண்டு வந்தவர் ஒருவர் உண்டு.

2. முதலில் இலக்கு: எந்த நிறை, எந்த அதிர்வெண்

நிரல் எழுதும் முன் எந்த நிறையுள்ள கருந்துளை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஏனென்றால் நிறை, அலை எண், ஈர்ப்பு அலையின் அதிர்வெண் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. இன்ஃப்ளேஷனில் வெளியே போன ஒரு குலைவு ஹொரைசனுக்குள் (ஏறத்தாழ அந்தக் காலத்தில் ஒளி எட்டும் எல்லைக்குள்) திரும்ப நுழையும்போது அந்த ஹொரைசனுக்குள் இருக்கும் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கருந்துளையாகிறது. ஆகவே நிறை, அலை எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம்.

மனதில் வைக்க வேண்டிய இரண்டு எண்கள்: அலை எண் மெகாபார்செக்குக்கு 2.9 × 10⁵ என்றால் நிறை சுமார் 30 சூரியன். அலை எண் 10⁶ என்றால் அதிர்வெண் 1.55 நானோஹெர்ட்ஸ். மீதியெல்லாம் இவற்றிலிருந்து வரும். ஒரு சூரிய நிறைக்கு அலை எண் 1.6 × 10⁶, அதிர்வெண் 2.5 நானோஹெர்ட்ஸ். நிறையை 10⁻¹² சூரியனாகக் குறைத்தால் அதிர்வெண் பத்து லட்சம் மடங்கு ஏறி 2.5 மில்லிஹெர்ட்ஸ் ஆகிறது.

இங்கே ஏறக்குறைய எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோ கருவி 30 சூரிய நிறைக் கருந்துளைகளைப் பார்த்தது. ஆகவே அவை ஆதி கருந்துளைகள் என்றால் அவை பிறந்தபோது கிளம்பிய அலையும் லைகோவில் கேட்கும் என்று நினைக்கிறார்கள். லைகோ கேட்பது இரண்டு கருந்துளைகள் இன்றைக்கு மோதி இணையும் சத்தம். அவை உருவான காலத்தில் குலைவுகளிலிருந்து எழுந்த அலை இன்று அரை நானோஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கும். சரி, லைகோவின் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் அலைக்கு எந்தக் கருந்துளை? கணக்குப் போட்டால் சுமார் 10¹² கிராம் வரும். 5 × 10¹⁴ கிராமுக்குக் குறைவானவை ஹாக்கிங் கதிர்வீச்சில் இந்நேரம் ஆவியாகியிருக்கும்.

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது 10⁻¹² சூரியன், அதாவது சுமார் 2 × 10²¹ கிராம். குறுங்கோள் அளவு நிறை. கரும்பொருள் (டார்க் மேட்டர்) முழுவதும் ஆதி கருந்துளையாகவே இருக்க இன்னும் இடம் இருக்கும் சன்னல் ஏறத்தாழ 10¹⁷ முதல் 10²² கிராம் வரை. இந்த நிறை அதற்குள் விழுகிறது. அலையும் விண்வெளியில் வரவிருக்கும் லைசா கருவியின் பட்டையில் நடுநாயகமாக உட்காரும்.

அதிர்வெண்ணுக்கு மாற்றும்போது 2π-ஆல் வகுக்க மறக்காதீர்கள். விடை ஆறு மடங்கு தள்ளி வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான் இருக்க வேண்டும்.

3. பின்னணியைத் தீர்ப்பது

நேரத்துக்குப் பதில் ஈ-ஃபோல்டு எண்ணிக்கையை (பிரபஞ்சம் e, அதாவது சுமார் 2.7 மடங்கு விரிந்தால் ஒரு ஈ-ஃபோல்டு) மாறியாக எடுங்கள். பிரபஞ்சம் மடங்கு மடங்காக விரியும் காலத்தில் வினாடியைப் பிடித்துக்கொண்டு போனால் தீர்வுக் கருவி திணறும்.

0.05 அலை எண்ணிலிருந்து நம் இலக்கான 1.6 × 10¹² வரை போக சுமார் 31 ஈ-ஃபோல்டு. ஆக, நுண்ணலைப் பின்னணியில் (ஆதி பிரபஞ்சத்திலிருந்து இன்றும் வரும் ஒளியில்) நாம் பார்க்கும் அளவுகள் ஹொரைசனைத் தாண்டி 31 ஈ-ஃபோல்டு கழித்து ஏதாவது நடக்க வேண்டும். அந்த ‘ஏதாவது’தான் பொட்டென்ஷியலில் ஒரு தட்டையான இடம். புலம் அங்கே வந்ததும் சரிவு தீர்ந்துபோகிறது. பெடல் மிதிப்பதை நிறுத்திய சைக்கிள் மாதிரி, வந்த வேகத்தில் உருண்டு, விரிவின் உராய்வால் வேகம் இழக்கிறது. வேகம் அளவுக்காரணியின் கன எதிர்விகிதத்தில் குறையும். எப்சிலான் ஒன்று, அதாவது ஹபிள் மதிப்பு (விரிவின் வீதம்) ஒரு ஈ-ஃபோல்டில் குறையும் அளவு, வேகத்தின் வர்க்கம் சார்ந்தது. ஆகவே ஆறாம் அடுக்கில் விழும். எப்சிலான் ஒன்று மாறும் வீதமான எப்சிலான் இரண்டு −6 ஆகிறது. இதைத்தான் அல்ட்ரா ஸ்லோ ரோல் என்கிறார்கள்.

எவ்வளவு நேரம் இப்படி உருள வேண்டும்? கருந்துளை பிறக்க, எப்சிலான் ஒன்று விழ விழ ஏறும் நிறமாலை உயரம் 10⁻⁹-இலிருந்து 10⁻² வரை, ஒரு கோடி மடங்கு ஏற வேண்டும். ஒரு கோடியின் இயல் மடக்கை 16. ஆறால் வகுத்தால் சுமார் 2.7 ஈ-ஃபோல்டு. இந்த எண்ணை நோட்டில் போட்டு வட்டமிடுங்கள். உங்கள் வரைபடத்தில் தட்டை நிலை 10 ஈ-ஃபோல்டு நீண்டால், அடுத்த படிக்குப் போகாமலே தப்பு என்று தெரிந்துவிடும்.

இந்தப் படியில் நேரத்தைத் தின்பது அளவுருவைச் சரிக்கட்டும் வேலை. கடலூர் முதுநகரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் ஒரு மாலை முழுக்க ஒரே எண்ணின் தசம இலக்கங்களை மாற்றிக்கொண்டிருந்தார். நான்காம் இலக்கத்தைத் தொட்டால் புலம் தட்டையான இடத்தைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறது. ஐந்தாவதைத் தொட்டால் அங்கேயே மாட்டிக்கொள்கிறது, இன்ஃப்ளேஷன் முடியவே இல்லை. “அக்கா, இதுக்கு முடிவே இல்லையா?” என்று கேட்டார். புலத்தைக் கேட்டாரா மாலையைக் கேட்டாரா தெரியவில்லை. இதைக் கையால் செய்யாதீர்கள். மாட்டிக்கொள்ளும் மதிப்பு ஒன்று, தாண்டிவிடும் மதிப்பு ஒன்று எடுத்து, நடுவில் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போகும் நிரலை எழுதிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

இரண்டு நுணுக்கம். எப்சிலான் ஒன்றை ஹபிள் மதிப்பை எண்முறையில் வகையிட்டு எடுக்காதீர்கள். அது மிகச் சிறியதாகும்போது வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஈ-ஃபோல்டைப் பொறுத்த புல வேகத்தின் வர்க்கத்தில் பாதி என்று நேராக எழுதுங்கள். எப்சிலான் இரண்டையும் இயக்கச் சமன்பாட்டிலிருந்தே எடுங்கள். அடுத்து, தட்டையான இடத்தைச் சேர்த்ததும் சாய்வு எண் 0.965-ஐ விட்டு 0.95 பக்கம் இறங்குவது இந்த வகை மாதிரிகளுக்குப் பழகிப்போன வியாதி. மறைக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பொட்டென்ஷியலோடு மல்லுக்கட்ட நேரமில்லையா? எப்சிலான் ஒன்றின் வடிவத்தையே கையால் எழுதி, அதிலிருந்து தொடங்கலாம். புராஜெக்டுக்கு அது போதும் என்பது என் கருத்து.

4. குலைவுகள்: கணக்கின் உயிர்நிலை

இப்போது ஒவ்வொரு அலை எண்ணுக்கும் வளைவுக் குலைவின் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். ஈ-ஃபோல்டு மாறியில் எழுதினால் அதன் உராய்வு உறுப்பின் கெழு: 3, கழித்தல் எப்சிலான் ஒன்று, கூட்டல் எப்சிலான் இரண்டு. சாதாரண காலத்தில் இது 3-க்கு அருகில் இருக்கும். குலைவு ஹொரைசனைத் தாண்டியதும் உறைந்துவிடும். எப்சிலான் இரண்டு −6 ஆனால் கெழு −3. உராய்வு குறி மாறி உந்துதல் ஆகிறது. உறைந்திருக்க வேண்டியது வளர்கிறது. மொத்தக் கதையும் இந்த ஒரு குறி மாற்றத்தில்தான் இருக்கிறது.

நிறமாலையை ஸ்லோ ரோல் (புலம் மெதுவாக உருள்கிறது என்று வைத்து எழுதிய) சூத்திரத்தால் போட்டு முடிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அந்தச் சூத்திரம் உறைதலை நம்பி எழுதப்பட்டது. அதன் உச்சம் உயரத்திலும் தப்பாக இருக்கும், இடத்திலும் தப்பாக இருக்கும்.

தொடக்கம்: அலை ஹொரைசனுக்குள் 100 மடங்கு ஆழத்தில் இருக்கும்போது, பஞ்ச்–டேவிஸ் வெற்றிட நிலையோடு. அது ஹொரைசன் தாண்டுவதற்கு 4.6 ஈ-ஃபோல்டு முன்னால். ஆகவே பின்னணித் தீர்வு அதற்கும் முன்பிருந்தே கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடைச்செருகல் சார்பு எல்லைக்கு வெளியே போய் ஏதோ ஒரு எண்ணைத் தரும், பிழைச் செய்தி கூட வராது.

முடிவு: இன்ஃப்ளேஷன் முடியும் வரை. வேகமாக முடிக்க ஹொரைசனைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நிறுத்தும் பழக்கம் பாடப்புத்தகப் பயிற்சியிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. இங்கே அது ஆகாது. தட்டை நிலைக்கு முன்பே வெளியே போன அலைகளும் பிற்பாடு மாறும். உச்சத்துக்கு முன்னால் நிறமாலையில் ஒரு ஆழமான பள்ளம் வருமே, அது உறைந்த பகுதியும் வளரும் பகுதியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வருவது. உங்கள் படத்தில் பள்ளம் இல்லையென்றால் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள். பள்ளத்துக்குப் பின் ஏற்றம் ஏறத்தாழ அலை எண்ணின் நான்காம் அடுக்கில் இருக்க வேண்டும்.

மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் தனித்தனியாகத் தீருங்கள், சார்புப் பிழையை 10⁻¹⁰-க்கு இறுக்குங்கள். அதற்கெல்லாம் முன்னால், தட்டையான இடமே இல்லாத சாதாரண இருபடிப் பொட்டென்ஷியலை ஓட்டிப் பாருங்கள். 60 ஈ-ஃபோல்டுக்குச் சாய்வு எண் 0.967 வர வேண்டும். அந்த மாதிரியை அவதானிப்புகள் ஒதுக்கிவிட்டன. ஆனாலும் நிரலைச் சோதிக்க அதைவிட நல்ல உரைகல் இல்லை.

இந்த இடத்தில் “டென்சர் அலையும் வளருமா?” என்று கேட்காத ஆள் இல்லை. வளராது. அதன் உராய்வில் எப்சிலான் இரண்டு கிடையாது. இன்ஃப்ளேஷன் நேரடியாகத் தரும் ஈர்ப்பு அலை வேறு, நாம் அடுத்த படியில் போடப்போவது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் எழுதிக் குழப்பாதீர்கள்.

ஒவ்வொரு அலை எண் முடிந்ததும் விடையைக் கோப்பில் எழுதிவிட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்து, ஒரு பெண்ணின் இரண்டு நாள் ஓட்டம் முழுக்கப் போனது. எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்து எழுதும்படி வைத்திருந்தாள்.

5. கருந்துளைக்கு முன் ஈர்ப்பு அலை

நிறமாலை கையில் வந்ததும் கை அரிக்கும், கருந்துளை எண்ணிக்கையைப் போட. பொறுங்கள். ஈர்ப்பு அலையின் அடர்த்தி நிறமாலை உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கருந்துளை எண்ணிக்கையோ அடுக்குக்குறியாக மாறுவது. உயரத்தைப் பாதியாக்கினால் அலை நாலில் ஒன்றாகும். கருந்துளை 10¹³-இல் ஒரு பங்காகும். நிறமாலையில் சின்னத் தப்பு இருந்தாலும் அலைக் கணக்கில் அது தாங்கும், கண்ணுக்கும் தெரியும். கருந்துளைக் கணக்கில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே முதலில் இது.

கதிர்வீச்சு ஆதிக்கக் காலத்தில் ஸ்கேலார் குலைவுகள் இரண்டிரண்டாகப் பெருகி இரண்டாம் வரிசையில் ஈர்ப்பு அலையை எழுப்புகின்றன. கணக்கு, இரட்டைத் தொகையீடு ஒன்று. இரு உள் அலை எண்களை வெளி அலை எண்ணால் வகுத்து வரும் விகிதங்களை அப்படியே எடுத்தால் எல்லை கோணல்மாணலாக இருக்கும். அவற்றின் கூட்டுத்தொகையில் ஒன்றைக் கழித்தது ஒரு மாறி, வித்தியாசம் இன்னொரு மாறி என்று திருப்பிவிடுங்கள். முதலாவது 0 முதல் முடிவிலி வரை, இரண்டாவது −1 முதல் 1 வரை. நேரான செவ்வகம்.

முதல் மாறி √3 − 1, அதாவது 0.732 ஆகும் இடத்தில் மடக்கை முறிவு இருக்கிறது. தொகையீட்டுக் கருவிக்கு அந்தப் புள்ளியைச் சொல்லிவிட்டு இரண்டு துண்டாகப் போடுங்கள். சொல்லாமல் விட்டால் நிறமாலை ரம்பப்பல் மாதிரி வரும். அதைப் புதிய இயற்பியல் என்று நினைத்து ஒரு வாரம் பரவசப்பட்டவரை எனக்குத் தெரியும். (நான்தான்.)

சரிபார்ப்பு இரண்டு. தட்டையான நிறமாலை கொடுத்தால் விடை உயரத்தின் வர்க்கத்தைப் போல 0.822 மடங்கு வர வேண்டும். 2018-இல் கோரியும் டெராடாவும் தந்த எண் இது. ஒரே அலை எண்ணில் குவிந்த ஊசி நிறமாலை கொடுத்தால் உச்சம் அந்த அலை எண்ணின் 1.155 மடங்கில் வந்து, இரண்டு மடங்கில் அறுந்து நிற்க வேண்டும். இரண்டும் வந்தபிறகுதான் உங்கள் சொந்த நிறமாலையை உள்ளே விடுங்கள்.

இன்றைய மதிப்புக்கு 1.6 × 10⁻⁵-ஆல் பெருக்குங்கள். அலை எழுந்தபிறகு கதிர்வீச்சோடு சேர்ந்து நீர்த்துப்போன கணக்கு அது. உயரம் 0.01 என்றால் இன்று 10⁻⁹ அளவில் வரும்.

6. கருந்துளை எண்ணிக்கை

முதலில் நிறமாலையை அடர்த்தி மாறுபாடாக மாற்ற வேண்டும். வளைவிலிருந்து அடர்த்திக்குப் போக ஒன்பதில் நான்கு என்ற கெழு. வர்க்கத்தில் அது 81-இல் 16. இதை விட்டுவிட்டு, இரவு ஒரு மணிக்கு, “அக்கா, டார்க் மேட்டரைவிடக் கருந்துளை ஆயிரம் கோடி மடங்கு வருது” என்று செய்தி வந்திருக்கிறது. கெழுவைப் போட்டதும் மறுநாள் காலை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது.

இந்த அபாயம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிலேயே பாருங்கள். 10⁻¹² சூரிய நிறையில் கரும்பொருள் முழுவதும் கருந்துளையாக, உருவான காலத்தில் மொத்த ஆற்றலில் 10⁻¹⁴ அளவு பங்கு போதும். பிறகு கதிர்வீச்சு வேகமாக நீர்த்துப்போவதால் இந்தத் துளி பெருகி நிற்கும். 10⁻¹⁴ என்பது காஸியன் வளைவில் 7.7 சிக்மா. சரிவுக்கான வரம்பு அடர்த்தி 0.45 என்றால் சிக்மா, அதாவது அடர்த்தி மாறுபாட்டின் பரவல், 0.058. சிக்மாவை 10 சதவீதம் கூட்டினால் பங்கு ஏறத்தாழ 200 மடங்கு ஏறும். 10 சதவீதம் குறைத்தால் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே விழும்.

ஆகவே வரம்பை ஒரு கட்டுரையிலிருந்தும் குலைவைச் சராசரி எடுக்கும் சன்னல் சார்பை இன்னொன்றிலிருந்தும் எடுக்காதீர்கள். காஸியன் சன்னலுக்கும் டாப்-ஹேட் சன்னலுக்கும் சிக்மா வேறு. இரண்டும் ஒரே கணக்கிலிருந்து ஜோடியாக வர வேண்டும். 0.45-ம் கல்லில் செதுக்கியதல்ல. குலைவின் வடிவத்தைப் பொறுத்து சுமார் 0.4 முதல் 0.67 வரை போகும். அடர்த்திக்கும் வளைவுக்கும் உள்ள உறவு நேரியலும் அல்ல: நேரியல் மதிப்பிலிருந்து அதன் வர்க்கத்தில் எட்டில் மூன்று பங்கைக் கழிக்க வேண்டும். இதைச் சேர்த்தால் கருந்துளை குறையும், நிறமாலையை இன்னும் உயர்த்த வேண்டி வரும்.

காமா என்ற எழுத்திலும் கவனம். ஹொரைசன் நிறையில் எத்தனை பங்கு என்பதற்கு 0.2 ஒரு காமா. வரம்பை எவ்வளவு தாண்டியது என்பதைப் பொறுத்து நிறை மாறும் விதிக்கு 0.36 இன்னொரு காமா. கட்டுரைகள் இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதும். நிரலில் வேறு வேறு பெயர் வையுங்கள்.

7. தடைக்கோடுகள் மேல் போடுவது

ஒரே படத்தில் திணிக்காமல் இரண்டு படமாகப் போடுங்கள்: நிறைக்கு எதிராகக் கருந்துளைப் பங்கு, அதிர்வெண்ணுக்கு எதிராக அலை அடர்த்தி. முதல் படத்தில் இடப்பக்கம் ஹாக்கிங் கதிர்வீச்சின் தடை, நடுவிலிருந்து மைக்ரோலென்சிங் (கருந்துளை குறுக்கே வந்து விண்மீன் ஒளியைப் பெருக்குவது), வலப்பக்கம் மோதல் விகிதமும் நுண்ணலைப் பின்னணியும். ஆனால் அந்தத் தடைக்கோடுகள் எல்லாக் கருந்துளைக்கும் ஒரே நிறை என்று வைத்துப் போட்டவை. உங்கள் நிறைப் பரவல் அகலமாக இருந்தால் கோட்டுக்குக் கீழே இருப்பதை வைத்து மட்டும் தப்பித்ததாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் படத்தில் மில்லிஹெர்ட்ஸ் பக்கம் லைசா. மூன்று விண்கலம், 25 லட்சம் கிலோமீட்டர் கரங்கள், 2035 வாக்கில் ஏவத் திட்டம். அதன் நுண்மை 10⁻¹² பக்கம் இருக்க, நம் அலை 10⁻⁹-இல் நிற்கிறது. நானோஹெர்ட்ஸ் பக்கம் பல்சார் அளவீடுகள்: 2023 ஜூனில் பல்சார் அளவீட்டுக் குழுவான நானோகிராவும் மற்றக் குழுக்களும் பின்னணி அலைக்கான சான்றை வெளியிட்டன. ஐரோப்பியக் குழுவோடு நம் இந்தியக் குழுவும் புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியின் தரவோடு அதில் இருந்தது. அந்தச் சமிக்ஞை பெருங்கருந்துளை ஜோடிகளாலும் வரலாம். ‘என் மாதிரி ஒத்துப்போகிறது’ என்று எழுதலாம், ‘நிரூபணமானது’ என்று எழுதாதீர்கள்.

8. அறிக்கையில் சொல்லியே ஆக வேண்டியவை

காஸியன் என்று வைத்துக்கொண்டோம் என்பதை எழுதுங்கள். தட்டை நிலையில் பரவலின் வால் காஸியனைவிடத் தடிமனாகலாம். கருந்துளைகள் பிறப்பது அந்த வாலில்தான். 2022-இல் கிறிஸ்டியானோவும் யோகோயாமாவும் எழுப்பிய லூப் (குவாண்டம்) திருத்தச் சர்ச்சையையும் ஒரு பத்தியில் குறிப்பிடுங்கள்: இவ்வளவு உயரமான உச்சம் நுண்ணலை அளவுகளையே கெடுத்துவிடுமா என்பது கேள்வி. நீங்கள் தீர்த்துவைக்க வேண்டாம், தெரியும் என்று காட்டினால் போதும்.

சன்னல் சார்பு, வரம்பு, இரண்டு காமா, இன்ஃப்ளேஷன் முடிய எத்தனை ஈ-ஃபோல்டு என்று எடுத்தீர்கள் என்பன ஒரே அட்டவணையில் இருக்கட்டும். கருந்துளைப் பங்கை 0.3 என்று மட்டும் எழுதுங்கள். 0.3172 என்று எழுதினால் வைவாவில் முதல் கேள்வியே அதுதான்.